கோயில் வளைவில் மூன்று கிளிக்

பெட்ரோல் திருகைத் தொட்டாயா என்று பெரிய துரை கேட்டார். இல்லை என்றேன். தொட்டவன் நான்தான். அந்த ஒரு சொல்லால் ஒருவருக்கு வேலையும் வீடும் போயின; கூடப் பிறந்த தங்கையின் உறவும் போயிற்று.

எழுபதுகளின் தொடக்கம். பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர் நான். துரையிடம் பழைய ஜெர்மன் கார் ஒன்று இருந்தது. கார்புரேட்டர் கிடையாது; ஒரு பம்பு பெட்ரோலை அளந்து எஞ்சினுக்குள் பீய்ச்சும். உயரத்துக்கு ஏற்ப அளவை மாற்ற வேண்டிய சிறு டப்பா கெட்டுப்போயிருந்தது. உதிரிப் பாகங்கள் நாட்டுக்குள் வராத காலம். அதனால் அந்த வேலையை டிரைவர் கையால் செய்தார். மலை மேல் காற்று மெலிது, பெட்ரோல் குறைவாகப் போதும். கீழே கூடுதலாக வேண்டும். பதுளைக்கு இறங்கும்போது பாதி வழியில் கோயில் வளைவில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பம்பின் பின்புறத் திருகை மூன்று கிளிக் கூட்டுவார். ஏறும்போது அதே இடத்தில் மூன்று குறைப்பார். சாமிக்கு ஒரு கும்பிடு, காருக்கு மூணு கிளிக்கு என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கேலி செய்வார்கள்.

குளிர் காலையில் கார் கொஞ்சம் கரும்புகை விடும். துரைக்கு அது பிடிக்கவில்லை. காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் படித்துவிட்டு, இன்னும் குறைக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னேன். எஞ்சின் சூடானால் புகை தானே நின்றுவிடும் என்றார் அவர். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்:

"அந்தப் புஸ்தகம் எழுதுனவன் நம்ம மலைக்கு வந்திருக்கானாங்கய்யா?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் கராஜுக்குள் போய் மூன்று கிளிக் குறைத்தேன். புகை நின்றது. துரை என்னைப் பாராட்டினார். டிரைவரிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து டிரைவரின் தங்கைக்குப் பிரசவ வலி கண்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு பதுளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. துரை காரைக் கொடுத்தார். டிரைவர் கோயில் வளைவில் நிறுத்தினார், வழக்கம்போல் மூன்று கிளிக் கூட்டினார், ஓட்டினார். அவர் கூட்டியது நான் குறைத்ததற்குத்தான் சரியாக இருந்தது; கீழே வேண்டிய கூடுதல் பெட்ரோல் போகவில்லை. கீழே இறங்க இறங்க எஞ்சின் இருமியது, வெடித்தது, நின்றது. மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்ததில் பேட்டரியும் இறங்கிவிட்டது. வேறு வாகனம் கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்து பிறந்தது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்பதை டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

யாரோ திருகைத் தொட்டிருக்கிறார்கள் என்று டிரைவர் துரையிடம் சொன்னார். துரை என்னைப் பார்த்துக் கேட்டார். என் பதிலை முதலிலேயே எழுதிவிட்டேன்.

காரைக் கெடுத்துவிட்டுப் பழியை மற்றவர் மேல் போட்டார் என்று அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் குடியிருந்த லயத்துக் காம்பராவையும் காலி செய்யச் சொன்னார்கள். தங்கைக்கோ வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை. பின் சீட்டில் வலியோடு படுத்திருந்தவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்: நன்றாக ஓடிய காரை அண்ணன் நிறுத்தினான், பானட்டைத் திறந்து எதையோ திருகினான், அதற்குப் பிறகுதான் கார் செத்தது.

அந்த இருமலை நான் காதால் கேட்டதில்லை. ஆனாலும் ஏற்றத்தில் திணறும் ஒவ்வொரு பஸ்ஸிலும் அது எனக்குக் கேட்டது. கோயில் வளைவில் பஸ் வேகம் குறைக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். என் விரல்கள் தாமாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று மடங்கும்.

தோட்டங்களை அரசு எடுத்தது, துரை நாட்டைவிட்டுப் போனார். ஒன்பதாவது வருடம் பஸ் ஏறி மொனராகலைக்குப் போனேன். டிரைவர் அங்கே கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுங்கய்யா. அன்னைக்கு நீங்க பதில் சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல."

மன்னிப்புக் கேட்டேன். டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"எங்கிட்ட எதுக்கு? அங்க போயி சொல்லுங்க."

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அவர் தங்கை வாழ்க்கைப்பட்ட லயத்தைத் தேடிப் போனேன். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வாங்கய்யா என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. புத்தகம், கேலி, மூன்று கிளிக், பொய் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவள் தலைத்துண்டை அவிழ்த்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப அண்ணன் அங்க நிப்பாட்டுனது?"

"எப்பவும் நிப்பாட்டுற இடம்மா. உன்னைப் பத்திரமா கொண்டுபோகத்தான் நிப்பாட்டினார்."

"எங்க அம்மா சாவுக்கு வந்தாரு. வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டேன். ஒரு வா தண்ணி குடுக்கல."

அதன்பின் அவள் அழுதது குழந்தைக்காக அல்ல. பெஞ்சு காலியாகவே கிடக்க, படியிறங்கி வந்தேன்.

அடுத்த தீபாவளிக்கு அவர் மொனராகலையிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்தார் என்றும், மூன்று நாள் இருந்தார் என்றும் கேள்விப்பட்டேன். சில மாதம் கழித்துப் பதுளை பஸ் ஸ்டாண்டில் இருவரையும் சேர்ந்து பார்த்தேன். அவர் தலையை லேசாக அசைத்தார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பையை அண்ணனிடம் கொடுத்தாள், அவரையும் கூட்டிக்கொண்டு வரிசையின் மறு முனைக்குப் போய் நின்றுகொண்டாள்.