ரப்பர் பாலில் குழைத்த பொட்டு

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் பிறந்த மேற்கணக்குப் பிள்ளைகளில் பாதிப் பேர் தன்னுடைய வேனிலேயே பிறந்திருக்க வேண்டியவர்கள் என்று நாகலிங்கம் சொல்வார். மலை ரோட்டு வளைவுகளில் தான் ஓட்டிய ஓட்டத்தால்தான் அவர்களுக்கு ஒரு கட்டிலும் ஒரு நர்சும் வாய்த்தது என்பது அவர் வாதம். யாரும் மறுப்பதில்லை. மேற்கணக்கு என்கிற தோட்டத்தின் மேல்பகுதியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வரிசை வீடுகளாக இருக்கும் ஆறு லயங்களுக்கும் பத்தொன்பது வருசமாக அவருடையது ஒன்றுதான் வேன். காய்ச்சல், கலியாணம், பரீட்சை, செத்த வீடு எல்லாவற்றுக்கும் அதுதான் போனது.

வேன் கிழடு. இடது பக்கத்து சைட் கண்ணாடியை அவிசாவளை பஸ் ஒன்று தட்டிக்கொண்டு போன பிறகு, சவரம் செய்யும் வட்டக் கண்ணாடி ஒன்றை சைக்கிள் டியூபால் அந்த இடத்தில் கட்டியிருந்தார். பின்னால் வரும் லொறி அதில் கொஞ்சம் வீங்கித் தெரியும். வைப்பர் இரண்டில் அவர் பக்கத்தது மட்டும் அசையும். மழையில் முன்கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தால் முன் சீட்டில் இருப்பவர் பழைய பேப்பரால் துடைக்க வேண்டும். அதற்கென்று ஒரு பேப்பர்க் கட்டு எப்போதும் கிடக்கும். ஏசிக்கு ஒரு சுவிச் இருந்தது. திருகினால் சத்தம் வரும், காற்று வராது.

இதையெல்லாம் நாகலிங்கம் குறையாக நினைத்ததில்லை. சுரேந்திரன் கார் வாங்கும் வரை.

சுரேந்திரனும் அவரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். வாய்ப்பாட்டில் சுரேந்திரன் இவரைப் பார்த்து எழுதினார், சிங்களத்தில் இவர் சுரேந்திரனைப் பார்த்து எழுதினார். பிறகு சுரேந்திரன் கட்டாருக்குப் போய்ப் பதினான்கு வருசம் ஒரு குளிரூட்டிய களஞ்சியசாலையில் வேலை செய்தார். திரும்பி வந்து, தோட்டத்து ரோட்டு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் வீடு கட்டினார். வீட்டுச் சுவரில் சார்ஜ் போடும் பெட்டி ஒன்றைப் பூட்டி, அதற்குக் கீழே ஒரு வெள்ளை எலெக்ட்ரிக் காரையும் கொண்டுவந்து நிறுத்தினார். சும்மா இருக்க முடியாது, வாடகைக்கு ஹயர் ஓடப் போகிறேன் என்றார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வாகனம் வந்தால் மாரியம்மன் கோயிலடியில் பூசை வைத்து, தோட்டத்தில் அதிக காலம் வண்டி ஓட்டியவர் கையால் கண்ணாடிக்குப் பொட்டு வைக்க வேண்டும். சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்தால் இந்த மழை நாட்டில் ஒரு நாளும் தாங்காது என்பதால், அன்று காலை வெட்டிய ரப்பர் பாலில் ஒரு கரண்டி விட்டுக் குழைப்பார்கள். காய்ந்தால் தோல்போல ஒட்டிக்கொள்ளும். அது தானாக விழும் வரை யாரும் கையால் எடுக்கக் கூடாது. எடுத்தால் வாகனத்துக்குக் கூடாது.

ஆகவே பொட்டு வைக்க நாகலிங்கத்தையே கூப்பிட்டார்கள். மற்ற வாகனங்களுக்கு வைத்த மாதிரியே, முன்கண்ணாடியின் மேல் நடுவில், உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி தொங்குகிற இடத்துக்கு நேரே வைத்தார். மனசில் எரிந்தது விரலில் இறங்கியதோ என்னவோ, பொட்டு பத்து ரூபாய்க் குத்திக் காசைவிடப் பெரிதாக விழுந்தது. அதன்மேல் குங்குமத்தையும் அப்பினார். எல்லாரும் கும்பிட்டார்கள். சுரேந்திரன் காரைப் பூட்டியதும் இரண்டு சைட் கண்ணாடிகளும் மாடு காதை மடக்குவதுபோல் தாமாகவே மடங்கின. சனம் "ஆ" என்றது. நாகலிங்கத்தின் வேன் பக்கத்திலேயே, டியூப் கட்டோடு நின்றது.

அந்த வாரத்திலிருந்து அவர் போன் அடிப்பது குறைந்தது. யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. "அண்ணனுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றார்கள். முத்துமாரி லயத்து வெள்ளையம்மா மட்டும் உள்ளதைச் சொன்னாள். அந்தக் காரில் போனால் சீலை கசங்குவதில்லையாம், டவுனில் இறங்கும்போது பவுடர் அப்படியே இருக்கிறதாம்.

இதுவரை தாங்கிக்கொண்டார். ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி ஜீவராணியும் அந்தக் காரில் ஏறினாள்.

ஜீவராணி இருபத்திரண்டு வருசம் பால் வெட்டியவள். குனிந்து நிமிர்ந்து வாளி தூக்கியதில் இடுப்பு போய்விட்டது. இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய் கரவனெல்லவில் கிளினிக். அன்று வேனின் பெற்றரி இறங்கியிருந்தது. நேரம் போகிறதே என்று சுரேந்திரன் காரில் போனாள். பின்னேரம் திரும்பி வந்தவள் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, அந்தக் கார் சீட் சூடாகும் என்று சொன்னாள்.

"சூடா? வெயில்ல நின்னிருக்கும்."

"இல்லங்க. அண்ணன் ஒரு பட்டனத் தட்டினாரு. முதுகுக்குக் கீழ மெல்ல மெல்ல சூடு ஏறுது. முகத்துக்குக் குளிர் காத்து, இடுப்புக்கு ஒத்தடம். வாற வழியில தூங்கிட்டேன்."

நாகலிங்கம் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். பத்தொன்பது வருசம் தன் பக்கத்தில் பேப்பரும் கையுமாக விழித்திருந்தவள், அடுத்தவன் காரில் தூங்கியிருக்கிறாள். வேறொருவன் அவள் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டான், அதுவும் கையால் தொடாமல், ஒரு பட்டனால். இதை யாரிடம் போய் முறைப்பாடு வைப்பது? அடுத்த கிளினிக்குக்கும் அந்தக் காரிலேயே போகப்போவதாக அவள் சொன்னபோது, அவர் எழுந்துபோய் வேனின் சீட்டைத் தடவிப் பார்த்தார். ரெக்சீன் கிழிந்த இடத்தில் தேங்காய்த் தும்பு குத்தியது.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தக் காரின் வைப்பர். அதற்கு ஏதோ பிடித்திருந்தது. மழை பெய்தால் தானாக ஆடவும், மழை விட்டால் தானாக நிற்கவும் வேண்டிய வைப்பராம். இதுவோ வெயில் கொளுத்தும்போது வெறுங்கண்ணாடியைப் போட்டு அறுக்கும், மழை கொட்டும்போது படுத்துக்கிடக்கும். சுரேந்திரன் நடுவிலிருக்கும் பெரிய திரையைத் தட்டி, அதற்குள் வைப்பர் படத்தைத் தேடி, கையால் போட வேண்டியிருந்தது. இரண்டு முறை வைப்பர் ரப்பரை மாற்றினார். கடைத் தெருவில் பிள்ளைகள் அதற்கு "வெயில் துடைக்கிற கார்" என்று பேர் வைத்தார்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் நாகலிங்கத்துக்கு டீ இனித்தது.

காரணம் அவருக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. கரவனெல்லவில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் றிஸ்மியிடம் பல்ப் வாங்கப் போயிருந்தார். சுரேந்திரன் மூன்றாவது ரப்பருக்கும் சொல்லியிருக்கிறார் என்று றிஸ்மி சிரித்தார்.

"ரப்பர்ல பிழை இல்லண்ணே. அந்தக் காருக்கு முன்கண்ணாடியில ஒரு கண்ணு இருக்கு, மேல நடுவில, உள்கண்ணாடிக்குப் பின்னால. மழையப் பாக்கிறது அதுதான். நேரா முன்னால ஒரு இலை ஒட்டினாலும் அதுக்குத் தலைகால் தெரியாது. கண்டீங்கன்னா சொல்லுங்க, அந்த இடத்தத் துடைச்சுப் பாக்கச் சொல்லி."

மேலே நடுவில். நாகலிங்கம் பல்புப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன் விரல், தன் பொட்டு. தெரியாமல் வைத்ததுதான். மாரியம்மன் சாட்சி. ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே.

போய்ச் சொல்லியிருக்கலாம். மெயின் ரோட்டில் சுரேந்திரன் வீட்டைத் தாண்டித்தான் வந்தார். சுரேந்திரன் காரைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். பொட்டை மட்டும் சுற்றி விட்டுத் துடைத்தார். "என்ன மச்சான், டவுனுக்கா?" என்று கேட்டார். நாகலிங்கம் ஹோர்ன் அடித்துவிட்டு வந்துவிட்டார். பொட்டு தானாக விழுந்தால் விழட்டும், கோயில் காரியத்தில் நாம் ஏன் கை வைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து மழை இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் அவர் மனம் குளிர்ந்தது. மழை என்றால் சனம் அவரைக் கூப்பிட்டது. ஒரு வைப்பர்தான், ஆனால் சொன்ன பேச்சுக் கேட்கும் வைப்பர்.

பத்து நாள் கழித்து ஜீவராணியின் கிளினிக் செவ்வாய் வந்தது. விடியும்போதே மலைக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது.

"மழை வருது. வேன்ல வா" என்றார்.

"வேன்ல போனா வாறப்ப ஆளத் தூக்கித்தான் எறக்கணும். நான் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"அந்த வைப்பர் வேலை செய்யாது."

"அவரு கையால போடுவாரு. உங்களுக்கு அந்தக் காரக் கண்டா ஏன் இப்பிடி வயிறு எரியுது?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்லக்கூடிய பதிலாக இல்லை. கார் வந்து நின்றதும், தானும் வருவதாகச் சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஜீவராணி பின்னால் சாய்ந்துகொண்டாள். சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது. குளிர் காற்று மெதுவாக முகத்தில் பட்டது. கண்ணாடியில் ஆவி என்பதே இல்லை. பேப்பர் பிடித்துப் பழகிய அவர் கை, மடியில் வேலையில்லாமல் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் தொடைக்குக் கீழே கதகதவென்று வந்தது. சுரேந்திரன் தனக்கும் பட்டனைத் தட்டியிருக்கிறார் என்று புரிந்தது. சுகமாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வழியில் பாலத்துக்கு மேலே இருக்கும் இறக்கத்தில் மழை வந்தது. தூறலாக ஆரம்பிக்கவில்லை, வாளியைக் கவிழ்த்ததுபோல் வந்தது. ஒரு நொடியில் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளை. வைப்பர் படுத்துக்கிடந்தது. சுரேந்திரன் ரோட்டை விட்டுத் திரையைப் பார்த்தார். அவசரத்தில் தட்டினால் வேறு படம் வந்தது. மறுபடி தட்டினார், பாட்டு ஓடியது. பக்கக் கண்ணாடியில் நாகலிங்கம் பார்த்தார். அது வீங்காமல், நடுங்காமல், பின்னால் வந்த ரப்பர் லொறியின் நம்பர் வரைக்கும் காட்டியது. முன்னால் வளைவு. பின் சீட்டில் ஜீவராணி கண்ணை மூடியிருந்தாள்.

"ஓரத்துல போடுடா. போடு, போடு, எடது பக்கம் மண் இருக்கு" என்று ஸ்டீரிங்கைத் தானே பிடித்து இழுத்தார்.

கார் புல்லில் ஏறி நின்றது. லொறி ஹோர்னை அழுத்திக்கொண்டு உரசினாற்போல் தாண்டிப் போனது. பாட்டு மட்டும் ஓடியது.

நாகலிங்கம் கதவைத் திறந்து மழையில் இறங்கினார். முன்கண்ணாடியின் மேல் எக்கி, தான் வைத்த பொட்டைச் சுரண்டினார். வராது. ஸ்டீரிங் பிடித்துத் தேய்ந்த நகம் வழுக்கியது. சுரேந்திரன் இறங்கி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"என்ன மச்சான் செய்ற? சாமி பொட்டு அது. எடுக்கக்கூடாது."

"இதுக்குப் பின்னாலதான்டா மழை பாக்கிற கண்ணு இருக்கு. நான் அத மூடி வச்சிருக்கேன்."

ஜீவராணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். இரண்டு ஆண்களையும் விலக்கினாள். ஒட்டுப்பால் உரிக்கிற கை அது. மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்துகிடக்கும் பாலை ஒரு நாளைக்கு முந்நூறு முறை உரித்தெடுத்த பெருவிரல். பொட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து மேலே நிமிண்டி, ஒரே இழுப்பாக இழுத்தாள். சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு முழுசாகக் கையோடு வந்தது. அதைக் கண்ணில் ஒற்றி, காருக்குள் குனிந்து, டேஷ்போர்டின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

"மாரியம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல. எடத்த மட்டும் மாத்தியிருக்கேன்" என்றாள்.

வைப்பர் ஒரு தரம் எழுந்தது. படுத்தது. பிறகு மழையின் வேகத்துக்குச் சரியாக, யாரும் சொல்லாமலே ஓட ஆரம்பித்தது. சுரேந்திரன் அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். நாகலிங்கமும் சிரிக்கப் பார்த்தார்.

எல்லாரும் நனைந்துபோய் உள்ளே ஏறிய பிறகு ஜீவராணி கேட்டாள்.

"கண்ணு இருக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"றிஸ்மி சொன்னாரு."

"எப்ப?"

பொய் சொல்ல ஒரு இடைவெளி இருந்தது. வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"பத்து நாளாச்சு" என்றார்.

சுரேந்திரன் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, இறங்கிப் பூட்டி, சைட் கண்ணாடிகள் மடங்குகிற சத்தம் அடங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"வாய்ப்பாட்டுலயும் நீ இப்பிடித்தான்டா. கடைசிக் கணக்க மட்டும் கைய வச்சு மறைச்சுக்குவ."

கோபமாகச் சொல்லியிருந்தால் நாகலிங்கத்துக்கு லேசாக இருந்திருக்கும். சுரேந்திரன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த இரண்டு கிழமையும் ஜீவராணி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், சம்பல் வைத்தாள், தண்ணீரைத் தள்ளி வைத்தாள். கிளினிக் செவ்வாய் வந்தது. வெள்ளைக் கார் லயத்தடியில் வந்து நின்றபோது, நாகலிங்கத்தின் வேன் அதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. முன் சீட்டில் பழைய கம்பளி நான்காக மடித்துப் போட்டிருந்தது. அதன்மேல் ஒரு சுடுதண்ணிப் போத்தல், துவாயில் சுற்றி, இடுப்பு சாய்கிற உயரத்துக்குக் கயிற்றால் கட்டியிருந்தது.

ஜீவராணி வேனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். போய்ப் போத்தலைத் தொட்டுப் பார்த்தாள். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"போறப்ப இதுல வாறேன்" என்றாள் புருசனிடம். பிறகு சுரேந்திரன் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்களும் பின்னால வாங்க. இது பாலத்துக்கிட்ட போறப்பவே ஆறிடும். வாறப்ப உங்க கார்ல வாறேன்" என்றாள்.

கரவனெல்ல வரைக்கும் நாகலிங்கம் சவரக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அந்த வெள்ளைக் கார் அதில் உள்ளதைவிடப் பெரிதாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஜீவராணி கையில் பேப்பரோடு இருந்தாள். மழையே இல்லை. போத்தல் இன்னும் சூடாக இருக்கிறதா என்று அவர் மூன்று முறை கேட்டார்.