பத்தாம் நம்பர் ஸ்பானர்

கணக்கு சிஸ்டர் என்று சொன்னால்தான் அந்த மருத்துவமனையில் அவளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு போனால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். இருபத்தாறு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை. வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் கத்தி, கத்தரி, இடுக்கி, துடைக்கிற துணி எல்லாவற்றையும் எண்ண வேண்டும். மூடுவதற்கு முன்னால் மறுபடியும் எண்ண வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாமல் ஒரு தையல் போட விடமாட்டாள். ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர், விமானத்துக்கு நேரமாகிறது என்று ஊசிக்குக் கை நீட்டினார். "ஒரு துணி குறையுது டாக்டர்" என்று சொல்லிவிட்டு, ஊசியைக் கொடுக்காமல் மரம் மாதிரி நின்றாள். அவர் போட்ட கூச்சலில் தியேட்டரே கிடுகிடுத்தது. கடைசியில் துணி, நோயாளியின் கல்லீரலுக்குப் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அந்த டாக்டர் அவள் தலையாட்டாமல் கையுறையைக்கூடக் கழற்றுவதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பாடு முடிந்ததும் கரண்டிகளை எண்ணுவாள். வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் இரண்டும், வந்துவிட்டுத் திரும்பும்போது வாசலில் வரிசையாக நின்று, "எங்கள எண்ணியாச்சாம்மா, கிளம்பலாமா?" என்று கேலி பேசும். அவளும் சளைக்காமல், "ரெண்டு இருக்கு, போங்க" என்பாள்.

அவள் கணவர் நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர்; தெருவே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். எந்தப் போர் எந்த வருடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். புத்தகம் படிக்கும்போது யாராவது கூப்பிட்டால் போதும், கையில் என்ன இருக்கிறதோ அதையே அடையாளத்துக்கு உள்ளே வைத்து மூடிவிட்டு எழுந்து போவார். சீப்பு, மின்சார ரசீது, ஒற்றைச் சாக்ஸ், இதெல்லாம் அந்த வீட்டு அலமாரியில் சகஜம். ஒருமுறை ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தி கிடைத்தது, வெண்ணெயோடு.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் அந்தச் சிவப்புக் கார் வந்து சேர்ந்தது. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பது வயது முடிந்த அன்றைக்கு, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், போய் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். வாத்தியார் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார். உள்ளே உட்கார்ந்தால் அவருடைய முட்டி தாடையில் இடிக்கும். ஆனால் அவளுக்கு அது உயிர். பத்து மணி நேரம் அடுத்தவர்கள் வயிற்றில் போனதையும் வந்ததையும் எண்ணிவிட்டு வெளியே வருகிறவளுக்கு, வீடு வந்து சேர்கிற அந்த இருபது நிமிடம்தான் சொந்தம். அந்த நேரத்தில் அவள் எதையும் எண்ணமாட்டாள். யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். அந்தச் சந்தோஷத்தை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று வாத்தியாரிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தத் தவளைதான் மூன்று வாரமாக மக்கர் பண்ணியது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது. பழக்கமான மெக்கானிக்கிடம் கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார். அதனால் தினமும் காலையில் வாத்தியார் தள்ள வேண்டும், அவள் கியரைப் போட்டுக் கிளப்ப வேண்டும்; சாயங்காலம் மருத்துவமனை வாசல் காவலாளி தள்ளுவார். கசங்கிய பைஜாமாவோடு தெருமுனை வரைக்கும் காரைத் தள்ளிக்கொண்டு ஓடும் வரலாற்று ஆசிரியரைப் பள்ளி வேனில் போகிற பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். ஒருநாள் ஒருவன் கையை வேறு தட்டினான்.

அன்று மாலையே வாத்தியார் பொறுமை இழந்துவிட்டார். "என் இடுப்பு உன் மோட்டார் இல்லம்மா. நம்ம பல் டாக்டர் ரொம்ப நாளா அந்தக் காரைக் கேக்குறாரு. ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள அது தானா ஸ்டார்ட் ஆச்சுன்னா நானே அவரத் திருப்பி அனுப்பிடறேன். ஆகலன்னா குடுத்துடணும்."

மூன்று வாரமாக அவர் இடுப்பில் களிம்பு தடவிவிட்டவள் அவள்தான். மறுத்துப் பேச வாய் வரவில்லை. "சரிங்க" என்றாள். மறுநாளே புது மோட்டாரையும், அந்தக் காருக்கான தடித்த பழுதுபார்ப்புப் புத்தகத்தையும் வாங்கி வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை கார் கொட்டகையே ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிட்டது. பேட்டரி ஒயரைக் கழற்றி, காரை ஜாக்கியால் தூக்கி, நான்கு இரும்புத் தாங்கிகளில் உட்கார வைத்து, ஒருமுறைக்கு இருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள். தட்டில் துணி விரித்து, கருவிகளை வரிசையாக அடுக்கி எண்ணினாள். பதினான்கு. வாத்தியார் முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை வாசிக்க வேண்டியது, காருக்கு அடியிலிருந்து வரும் கையில் கேட்டதைக் கொடுத்து, கொடுத்ததை வாங்கித் தட்டில் வைக்க வேண்டியது. அவ்வளவுதான் வேலை. அதையும் பாடம் நடத்துகிற குரலில்தான் செய்தார்.

மோட்டார் ஒளிந்திருந்த இடம் இருக்கிறதே, அதைச் செய்தவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில், ஒரு கை மட்டும் நுழைகிற சந்து. இரண்டு நீள போல்ட்டுகளில் ஒன்று அரை மணி நேரம் அசைந்தே கொடுக்கவில்லை. பழைய மோட்டாரைத் தொப்பென்று வயிற்றில் வாங்கிக்கொண்டபோது மணி ஒன்று. புதியதை மாட்டுவதில் ஒரு சங்கடம்: போல்ட்டை முடுக்கிவிட்டால் அப்புறம் ஒயருக்குக் கை எட்டாது. அதனால் மோட்டாரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே, பத்தாம் நம்பர் ஸ்பானரால் ஒயரின் நட்டை முடுக்கினாள். ஸ்பானரை வெளியே நீட்டினாள். அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் போன் அடித்தது. பல் டாக்டர்தான். நாலு மணிக்கு டாண் என்று வந்துவிடுவாராம்.

போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்கிற எண்ணை, தியேட்டர் வழக்கப்படி முன்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். மோட்டாரை உள்ளே தள்ளி, எழுதியபடி இறுக்கிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தபோது மணி இரண்டரை. முகம் முழுக்க மசி, வாய் முழுக்கச் சிரிப்பு.

பிறகு தட்டை எண்ணினாள். பதிமூன்று. இன்னொரு முறை எண்ணினாள். பதிமூன்றுதான். பத்தாம் நம்பர் ஸ்பானரைக் காணோம்.

"என்னங்க, பத்தாம் நம்பர் எங்க?"

"எங்கிட்ட குடுக்கலியே நீ."

"குடுத்த மாதிரிதான் இருக்கு."

"மாதிரின்னா? குடுத்தியா இல்லியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருடமாக டாக்டர்களைத் திட்டுவதே இதற்குத்தான். திரும்பிப் பார்க்காமல் கருவியை நீட்டாதீர்கள், நான் வாங்கிக்கொண்டேன் என்று சொன்ன பிறகு விடுங்கள் என்று எத்தனை பேரிடம் முறைத்திருக்கிறாள். இன்றைக்கு அவளே கண்ணை மோட்டாரில் வைத்துக்கொண்டு கையை நீட்டியிருக்கிறாள்.

கொட்டகையைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். வாத்தியார் தன் பைகளை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டினார். இல்லை.

"பேட்டரி ஒயர பத்தாம் நம்பருக்குப் பதிலா இடுக்கியால முறுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாரேன். ஒரு ஸ்பானர்தானே, மெதுவா கிடைக்கும்."

"உள்ள விழுந்திருந்தா? மோட்டார் போற ஓட்டைக்குப் பின்னாடி பெரிய பல்சக்கரம் இருக்குங்க. சாவியத் திருப்பினா எல்லாம் உடைஞ்சு போயிடும்."

"மணி மூணு ஆகப் போகுதும்மா."

"தெரியுது." டார்ச்சை எடுத்தாள். "எண்ணிக்கை சரியாகாம நான் மூட மாட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் காருக்கு அடியில் போனாள். முடுக்கின அதே போல்ட்டுகளை அவளே கழற்றினாள். காரோடு சேர்ந்து, வீடு திரும்புகிற அந்த இருபது நிமிடமும் கைநழுவிப் போகிறது என்று தெரிந்துதான் கழற்றினாள். கண் ஓரத்தில் வழிந்ததை வியர்வை என்று வைத்துக்கொண்டாள். மோட்டாரை இறக்கி, டார்ச் அடித்து, விரல் விட்டு, சின்னக் கண்ணாடியைக் காட்டி, சந்து பொந்தெல்லாம் பார்த்தாள். பல்சக்கரம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. ஒன்றும் இல்லை. மணி மூன்றே முக்கால்.

"உள்ள இல்ல. மறுபடி மாட்டிடறேன். கையில எழுதினது அழிஞ்சு போச்சு. அந்த போல்ட் அளவைப் பாத்துச் சொல்லுங்க."

வாத்தியார் புத்தகத்தை எடுத்தார். பக்கம் தேடவே வேண்டியிருக்கவில்லை. புத்தகம் தானாகப் பிளந்துகொண்டது. நடுவில், இரண்டு பக்கங்களுக்கு இடையில், பத்தாம் நம்பர் ஸ்பானர்.

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. காருக்கு அடியிலிருந்து, "என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டு, பதில் வராமல் அவள் தலையை நீட்டினாள். ஸ்பானரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.  மெதுவாக வெளியே ஊர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வாசல் மணி அடித்தது. பல் டாக்டர் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். நேராகக் கொட்டகைக்கு வந்தவர், தாங்கிகள் மேல் நிற்கும் காரையும், தரையில் மசியோடு உட்கார்ந்திருக்கும் சிஸ்டரையும் பார்த்தார்.

"ஓ, இன்னும் ஓடலையா? பரவால்ல சார். அப்படியே வண்டி வச்சு ஏத்திட்டுப் போயிடறேன். மீதிய நான் பாத்துக்கறேன்."

பேசினபடி பார்த்தால் கார் போயாச்சு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சு என்றால் பேச்சுதான் என்கிறவள் அவள்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "இல்ல டாக்டர். காரக் குடுக்கறதா இல்ல."

"என்ன சார், நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"ஆமா. நாலு மணிக்குள்ள ஸ்டார்ட் ஆகலன்னா தர்றேன்னு பேச்சு. இது ரெண்டரைக்கே ஸ்டார்ட் ஆகியிருக்கும். இவ சரியாத்தான் செஞ்சா. ஸ்பானர வாங்கிப் புத்தகத்துல வச்சது நான்தான். என் தப்புக்கு இவ காரக் குடுக்க முடியாது. உங்கள வீணா அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

பல் டாக்டர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, "அந்தப் புத்தகத்துல என் பல்லு பிடுங்கற இடுக்கியும் இருக்கான்னு பாருங்க சார், ரொம்ப நாளா தேடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வாத்தியார் ஸ்பானரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

"குடுத்துட்டேன்னு சொல்லுங்க."

"குடுத்துட்டேன்."

"வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வாங்கித் தட்டில் வைத்தாள். பதினான்கு. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவரும் அசடு வழியச் சிரித்தார். ஆறு மணி வாக்கில், பேட்டரி ஒயரையும் முடுக்கிய பிறகு, சாவியை அவரையே திருப்பச் சொன்னாள். தவளை ஒரே திருப்பில் உறுமியது.

மறுநாள் காலை அவள் காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தால், பைஜாமா முட்டியை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் வாத்தியார் தயாராக நிற்கிறார். மூன்று வாரப் பழக்கம். அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமிய சத்தத்தில் அவர் துள்ளி நகர்ந்து, தலையில் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பப் போனார்.

அவள் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். இதுவரைக்கும் வேலைநாளில் அந்த இருக்கையில் யாரையும் உட்கார விட்டதில்லை.

"உடுப்ப மாத்திட்டு வாங்க. உங்களப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போறேன்."

"முட்டி இடிக்குமேம்மா."

"இடிக்கட்டும். மூணு வாரம் தள்ளினவர் ஒரு நாள் உக்காந்து வாங்க."