செருப்பைக் கழற்றிய கொள்ளையர்கள்

கடற்கொள்ளையர் கதை எழுதியவன் என்ற முறையில் முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கப்பலேறியது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. நாகப்பட்டினத்தில் ஏறியதிலிருந்து சிங்கப்பூரில் இறங்கும்வரை ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் தெரியாது. வாளி பச்சை நிறம்.

இப்படிப்பட்டவன் கடற்கதை எழுதப் போனதற்குக் காரணம் என் மகள். அறுபதுகளின் தொடக்கம், அவளுக்குப் பத்து வயது. இங்கிலீஷ் பள்ளியில் படித்தாள். சிராங்கூன் ரோட்டில் நாங்கள் குடியிருந்த மாடி அறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்துவந்த இங்கிலீஷ் படக்கதைகளை வாசித்துக்கொண்டே இருப்பாள். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் கஷாயம் குடிக்கிற முகத்தோடு வாங்கிக்கொள்வாள்.

"ஏன்ப்பா, தமிழ்ப் புக்ல எல்லாரும் எப்பப் பாத்தாலும் அட்வைஸ் பண்ணிக்கிட்டே இருக்காங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டிலிருந்த ஏழு தமிழ்ச் சிறுவர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஏழிலும் முயல்கூட அட்வைஸ் பண்ணிக்கொண்டிருந்தது. அன்றே முடிவு செய்தேன். யாரும் வற்புறுத்தாமல் இந்தப் பெண் ஒரு தமிழ்க் கதையை வாசித்து, "அப்புறம்?" என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. கப்பலில் என்னென்ன சரக்கு ஏறுகிறது என்று நாளெல்லாம் டைப் அடிப்பதுதான் வேலை. தங்கம், முத்து எதையும் நான் கண்டதில்லை. அதனால் என் முதல் அத்தியாயத்தில் கொள்ளையர்கள் வெங்காயத்தைக் கொள்ளையடித்தார்கள். மூட்டையைப் பிரித்து, அழுகியிருக்கிறதா என்று முகர்ந்தும் பார்த்தார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் சவ்வரிசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலை நேரில் பார்த்து எழுதலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பிடோக் கடற்கரைக்குப் போனேன். மலாய் மீனவர் ஒருவர் எங்களைத் தன் சம்பானில் ஏற்றிக்கொண்டார். ஐந்தாவது நிமிடம் நான் படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பி வந்து இறங்கும்போது சிப்பி ஒட்டிய பாறையில் வெறுங்காலை வைத்துவிட்டு "ஆ" என்று அலறினாள். எங்கள் செருப்புகள் கரையில் கிடந்தன. சம்பானில் ஏறுமுன் இரண்டு பேரும் கழற்றி வைத்திருந்தோம். ஏன் கழற்றினோம் என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.

காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் நோட்டுப்புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதுவேன். எழுதியதை மகளிடம் கொடுக்க மாட்டேன். அரிசி டின்மேல் மறந்து வைத்ததுபோல வைத்துவிட்டுப் போய்விடுவேன். படி என்று சொல்லிவிட்டால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. நான்காம் நாள் சாயங்காலம் பார்த்தால் இடம் மாறியிருந்தது. அட்டையில் மாங்காய் ஊறுகாய்க் கறை. ஒன்றும் தெரியாதவன்போல உட்கார்ந்து காப்பி குடித்தேன், மனசுக்குள் கூத்தாடிக்கொண்டு.

ஐந்தாம் அத்தியாயத்தில் அவளே என்னைத் தேடி வந்தாள், நோட்டோடு.

"அப்பா, கொள்ளையடிக்கப் போறவங்க ஏன் செருப்பக் கழட்டி வெச்சிட்டுப் போறாங்க?"

வாங்கிப் பார்த்தேன். கொள்ளையர்கள் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, செருப்புகளைப் படகில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, வியாபாரக் கப்பலின் கயிற்றேணியில் ஏறினார்கள் என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. ஒற்றைக்கால் தலைவன் தன் ஒரே செருப்பை ஓரமாக வைத்தான் என்றுகூட எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை என் மனைவியும் முன்பே வாசித்திருந்தாள். அவளைக் கேட்டேன்.

"பின்ன? செருப்புக்காலோடயா அடுத்தவங்க கப்பல்ல ஏறுவாங்க?" என்றாள் அவள்.

மகள் தரையில் உருண்டு சிரித்தாள். நான் அவமானத்தோடு பென்சிலை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனேன். நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அடிக்காதீங்கப்பா! அந்தச் செருப்பெல்லாம் யாராச்சும் எடுத்துட்டா?"

கதை அங்கேதான் பிறந்தது. கரையோரம் நின்ற கப்பலைக் கொள்ளையர்கள் மேலே சூறையாடிக்கொண்டிருக்கும்போது, படகில் கைதியாக இருந்த சிறுமி ஒருத்தி ஒரு ஜோடியைக் காலில் மாட்டிக்கொண்டு, மற்ற செருப்புகளை எல்லாம் ஒரு சாக்கில் வாரிக்கொண்டு சிப்பிப் பாறைகளைத் தாண்டிப் போய்விடுகிறாள். துரத்தி வந்த எழுபது கொள்ளையர்களும் பாறைக்கு இந்தப் பக்கம் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் ஒளிந்துகொள்வதற்கு, புடவை மாதிரி மடித்துவைக்கக்கூடிய மூடுபனி ஒன்றையும் கொடுத்திருந்தேன். சிறுமி அதையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். மகள் தினமும் ஆபீஸ் வாசலுக்கே வராத குறையாக "அப்புறம்?" கேட்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அச்சில் பார்க்க ஆசைப்பட்டேன். பொன்னாடைக்கும் ஆசைப்பட்டேன், அதை மறைத்து என்ன பயன்?

எங்கள் வட்டாரத்துச் சங்கம் ஒன்று புத்தகம் போட முன்வந்தது. ஆனால் ஆய்வுக்குழு பார்த்துத் தரவேண்டும் என்றார்கள். குழுவில் மூன்று பேர். தலைவர் ஜவுளிக்கடை முதலாளி. செயலாளர் தமிழாசிரியர். மூன்றாமவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் ஆபீசிலேயே தலைமைக் கிராணி. அவரிடம் நான் எதற்கும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

"தமிழன் கொள்ளையடிக்கலாமா?" என்று ஆரம்பித்தார் செயலாளர். கொள்ளையர்கள் கடல் வணிகர்கள் ஆனார்கள். அவர்கள் குடித்த சாராயம் சுக்குநீர் ஆயிற்று. மண்டையோட்டுக் கொடி அமங்கலம் என்று தலைவர் முகம் சுளித்ததும், மயில் வந்து உட்கார்ந்தது.

"உந்தப் பனியை எப்பிடி ஐசே மடிக்கிறது? விஞ்ஞானத்துக்குச் சரிவராது" என்றார் தலைமைக் கிராணி. பனி விலகியது.

கடைசியாகச் செருப்புக்கு வந்தார்கள். நான் கொஞ்சம் முனகினேன். அது போனால் கதையே இல்லை என்றேன்.

"செருப்பு இல்லேன்னா மனுஷன் ஓடமாட்டானா?" என்று தலைவர் சத்தம் போட்டார். "நானெல்லாம் ஊர்ல வெறுங்காலோட வளந்தவன் தம்பி. இதெல்லாம் நம்புறாப்ல இல்ல. பிள்ளைங்க நம்மளப் பாத்துச் சிரிக்கும்."

பிள்ளைகள் சிரிக்கத்தான் ஐயா எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன். செருப்பு இருந்த இடத்தில் சிறுமி வணிகர்களுக்கு ஒழுக்கத்தைப் பற்றி நான்கு பக்கம் எடுத்துரைத்தாள். அவர்கள் மனந்திருந்தினார்கள். புத்தகத்துக்குக் 'கடல் கற்பித்த கடமை' என்று செயலாளர் பெயர் வைத்தார்.

வெளியீட்டுக்கு முந்தின நாள் அச்சகத்திலிருந்து முதல் பிரதி வந்தது. மகள் குப்புறப் படுத்து வாசிக்க ஆரம்பித்தாள். பத்தாவது பக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கடகடவென்று பின்பக்கமாகப் புரட்டினாள்.

"செருப்பு எங்கப்பா?"

செருப்பு இல்லாவிட்டாலும் மனுஷன் ஓடுவான் என்று பெரியவர்கள் சொன்னார்கள் என்றேன்.

"இது ஸ்கூல் புக் மாதிரி இருக்கு லா" என்று புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, இங்கிலீஷ் படக்கதையை எடுத்துக்கொண்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மசாலாக்கடை ஒன்றின் மாடியிலிருந்த சங்க மண்டபத்தில் விழா. குத்துவிளக்கு ஏற்றியிருந்ததால் எல்லாரும் செருப்பை மாடிப்படியில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். மூன்று பேர் என் நூலைப் பாராட்டி இரண்டு மணி நேரம் பேசினார்கள். செயலாளர் நூலின் பெயரைச் சரியாகச் சொன்னார், அவர் வைத்த பெயர் என்பதால். மற்ற இருவரும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குள் எனக்கு வியர்த்து ஒழுகியது. முன் வரிசையில் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

விழா முடிந்து, தலைவர் முன்னால் நடக்க எல்லாரும் படிக்கு வந்தோம். படியில் ஒரு செருப்புகூட இல்லை. வெறுங்காலோடு கீழே இறங்கி, கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில், அந்த நிழலின் ஓரத்தில், வரிசையாக நின்றோம். எதிரே உச்சி வெயிலில் சிராங்கூன் ரோட்டின் தார் இளகிக் கிடந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து அஞ்சடியில் என் மகள் ஒரு மிளகாய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். சாக்கு வாயிலிருந்து தலைவரின் தோல் செருப்பு ஒன்று எட்டிப்பார்த்தது.

ஊரில் வெறுங்காலோடு வளர்ந்த தலைவர் ஒரு காலைத் தாரில் வைத்தார். உடனே எடுத்தார். இன்னொரு காலை வைத்துப் பார்த்தார். செயலாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார்.

"அப்பா!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து மகள் கத்தினாள். "பாத்தீங்களா? ஒருத்தரும் ஓடல!"

என் செருப்பையாவது விட்டுவைத்திருப்பாள் என்று திரும்பவும் மேலே போய் ஒவ்வொரு படியாகத் தேடினேன். இல்லை. எனக்குப் பிரியமான அந்தக் கொள்ளையர் கூட்டத்தில் என்னையும் ஒருவனாகச் சேர்த்திருந்தாள்.