மூன்றாவது பரிவட்டம்

என் அப்பா ராஜா. சமஸ்தானம் எப்போதோ போய்விட்டது; ஆனாலும் எங்கள் ஊர்க் கோயிலில் முதல் மரியாதை அவருக்குத்தான். என் அம்மா ராணி இல்லை. அரண்மனைக்கு இரண்டு தெரு தள்ளி அவளுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்; தாலி கொடுக்கவில்லை.

எனக்கு ஏழு வயதில், தேரோட்டத்தன்று, அப்பா என்னைக் கோயிலுக்குள் வரவழைத்தார். பட்டர் அவர் தலையில் பரிவட்டத் துணியைக் கட்டினார். அடுத்தது ராணியின் மகனுக்கு, என் அண்ணனுக்கு. மூன்றாவதை அப்பாவே வாங்கி என் தலையில் கட்டி, "இவன் என் பிள்ளை. இனிமே சின்னத்துரைன்னுதான் கூப்பிடணும்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். கட்டியக்காரர் அந்தப் பட்டத்தை மூன்று முறை கூவினார். ராணி எழுந்து போய்விட்டார். அம்மா வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

தேருக்குப் பின்னால் வைத்து அண்ணன் என் காதைத் திருகினான். "பட்டம் கட்டிட்டா ஆச்சா? உங்கம்மா யாருன்னு ஊருக்கே தெரியும்டா. நீ எங்க போனாலும் வந்து சொல்லுவேன்." பதினைந்து வயதுப் பையனின் மிரட்டல். அதை ஆக்லாந்து வரை சுமந்து வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்! நாற்பத்தைந்து வருடம்.

ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில், மகளிடம் பாதியைத்தான் சொன்னேன். தாத்தா ராஜா, எனக்குச் சின்னத்துரைப் பட்டம், அது உண்மை. பாட்டி ராணி என்றது பொய். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், மறுக்க ஆளில்லை.

இந்த வருடம் ஊரின் மறுகோடியில், ஹென்டர்சனில், தமிழர்களின் பொங்கல் விழா. அழைப்பிதழில் சிறப்பு விருந்தினராக அண்ணனின் படம்! இங்கே இருக்கும் தன் மகளைப் பார்க்க நியூசிலாந்து வந்திருக்கிறாராம். காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். மகள் விடவில்லை, அவளுக்கு அங்கே நடனம். என் கதையில் கேட்ட பெயரை அழைப்பிதழில் பார்த்துவிட்டு, "பெரியப்பாவை மீட் பண்ணணும்பா!" என்றாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். மோட்டார்வேயில் இடது ஓரமாகவே மெதுவாக ஓட்டினேன். இவள் கண் முன்னால் அண்ணன் என் காதைத் திருகிவிடுவான் என்றே தோன்றியது.

மேடையில் ஆடி முடித்ததும் மகள் நேரே அண்ணனிடம் ஓடினாள். "ஹாய் பெரியப்பா!"

முழங்கால் வலி போலிருக்கிறது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் தலையில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா ஆடுறா உங்க பொண்ணு. தம்பிக்கு எந்த ஊரு?"

அவருக்கு என்னைத் தெரியவில்லை. நான் சொல்லப் போகிறேன் என்று மகள் என் முகத்தையே பார்த்தாள். ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

"மதுரைங்க."

"சந்தோஷம்" என்று அடுத்தவரிடம் திரும்பிவிட்டார்.

கார் அருகே வந்ததும் மகள் கேட்டாள்: "அவருக்கு உங்களைத் தெரியவே இல்ல. ஸோ, தாத்தா ராஜா இல்லையா? எல்லாம் நீங்களே சொன்ன கதையா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

"ஆமாம்மா, சும்மா கதை விட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரே பார்க்க என்னைத் தன் பிள்ளை என்று சொன்னவரை, ஒரு சின்னப் பெண்ணுக்குப் பயந்து என் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டேன்.