ஒளித்து வைத்த நடை

தீக்குச்சியை உரசி அடுப்பைப் பற்றவைக்கும்போது மற்றவர்களுக்குக் காப்பி நினைவு வரலாம். எனக்கு உடனே மாலை ஐந்தரை மணி ஆகிவிடும். குச்சி முனையின் மருந்து வாசம் அந்த ஒரு நொடி மூக்கில் ஏறியதும் பதினெட்டுப் பிள்ளைகள் ஒன்றாகத் தலையைத் திருப்புவது கண்ணில் தெரியும்.

கோவில்பட்டியின் ஓரத்தில், தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு நடுவே இருந்தது எங்கள் காப்பகம். தீப்பெட்டி செய்யும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர். அங்கே வேலை பார்க்கும் தாய்மார்கள் சாயந்திரம் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவர்கள் சேலையில் ஒட்டிய மருந்து வாசத்தைக் காற்று கொண்டுவந்து சேர்த்துவிடும். தொட்டிலில் கிடப்பது காலை உதைக்கும். தவழ்வது வாசலைப் பார்த்துத் தவழும். அதுவரை என் மடியில் சொக்கிக் கிடந்தது, நான் யாரோ எவளோ என்பதுபோல் என்னைத் தள்ளிவிட்டு இறங்கும். நன்றி கெட்ட கூட்டம்.

நான் அங்கே டீச்சர். மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவார்கள். கவிழ்வது, உட்காருவது, நிற்பது, நடப்பது, பேசுவது, இவ்வளவுதான் பாடம். எனக்குத் துணை ஒரு ஆயா. என் வயதுதான், நாற்பத்தைந்து தாண்டியவள். வாய்க்கு மட்டும் இருபது வயது.

ஒரு நாள், குச்சி அடைக்கும் வேலை பார்க்கும் ஒருத்தி தன் ஒன்பது மாத மகளைக் கொண்டுவந்து விட்டாள். பால், சோறு, தூக்கம் எதைப் பற்றியும் கேட்கவில்லை.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணுதான் கேக்குதேன். இவ மொதல்ல நடக்கத நான் பாக்கணும்."

"அதுக்கு நாங்க என்னம்மா செய்ய? காலு அவளுதுல்லா?"

"மூத்தவன் நடந்தத நான் பாக்கலை டீச்சர். பக்கத்து வீட்டுக்காரி ஆபீஸுக்குள்ள வந்து, அத்தனை பேரு முன்னால, 'ஏட்டி, ஒம் பிள்ளை எங்க வீட்டு வாசல்ல நடந்துட்டான்'னு கூவுதா. எல்லாரும் சிரிக்காவ. நானும் சிரிச்சேன். பசைச் சட்டியை எடுத்து அவ தலையில கவுத்திருக்கணும்."

ஆயா உடனே முன்னால் வந்தாள். "நீ ஒண்ணும் கவலைப்படாத. இங்கன நடந்தாலும் நாங்க வாயே தொறக்க மாட்டோம். சத்தியம்."

ஆயா வாயே திறக்க மாட்டாளாம். நான் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டேன்.

எங்கள் சுவரில் பிள்ளைக்கு ஒன்றாக அட்டை தொங்கும். கழுத்து நின்றது, தவழ்ந்தது, பிடித்து நின்றது, தனியாக நடந்தது என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறி, ஒரு தேதி. மற்ற தாய்மார்கள் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். இவள் மட்டும் தினமும் அட்டைமுன் நின்று, விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் போவாள். அந்த விரல் கடைசியில் போய் நிற்பது ஒரு காலிக் கட்டத்தில்.

பதின்மூன்றாவது மாதத்தில் அவள் குட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றது. கையை எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்றது. ஆயா தன் தோள் துண்டின் ஒரு நுனியை அதன் கையில் கொடுத்து, மறு நுனியைத் தான் பிடித்துக்கொண்டாள். நுனியைப் பிடித்தால் போதும், பிள்ளைக்கு உலகமே தன்னைத் தாங்குவதாக நினைப்பு. நாலு நாள் இருவரும் அந்தக் கூடத்தைத் தேர்போலச் சுற்றி வந்தார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் ஆயா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நுனியை விட்டாள்.

துண்டு தரையில் இழுபட, குட்டி தன் பாட்டுக்குப் பொரி டப்பாவை நோக்கிப் போனது. ஆறு அடி. டப்பாவைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மறு நுனியில் யாரும் இல்லை. மோசம் போய்விட்டோம் என்று ஒரு பார்வை. தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் இருவரும் கை தட்டினோம், உள்ளங்கைகள் ஒன்றை ஒன்று தொடாமல்.

"பாத்தியளா டீச்சர்?"

"என்னத்த?"

"ஒண்ணுமில்லை."

"நானும் ஒண்ணும் பாக்கலை."

அன்று தொடங்கியது எங்கள் திருட்டு. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை குட்டி நடப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் செய்தேன். வழியில் கிடந்த பாயைச் சுருட்டினேன். வெறுங்காலோடு விட்டேன். ஆசைப்பட்ட கிலுகிலுப்பையை ஒவ்வொரு நாளும் ஒரு சாண் தள்ளி வைத்தேன். விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து அடித்ததும் ஆயா சோப்புப் போட்டு உள்ளங்காலைத் தேய்த்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, தடயத்தை அழித்துத் தொட்டிலில் போடுவாள். ஐந்தரைக்கு நடக்கத் தெரியாத பிள்ளை ஒன்று தாயிடம் ஒப்படைக்கப்படும்.

எங்கள் கட்டுப்பாட்டில் வராதவன் ஒருவன் இருந்தான். இரண்டு வயது. "பாப்பா நடக்கு! பாப்பா நடக்கு!" என்று குட்டியின் தாய் சேலையைப் பிடித்து இழுத்துச் சொல்லிவிட்டான்.

ஆயா அசரவில்லை. "இவனுக்கு எல்லாம் நடக்கத்தான் செய்யும். நேத்து ஜன்னல் நடக்குன்னு ஒரே அழுகை."

இரண்டு மூன்று நாளில் வீட்டில் நடந்துவிடும், அவள் பார்த்துவிடுவாள், காலையில் வந்து கத்துவாள், நாங்களும் ஆச்சரியப்பட்டுக் கட்டத்தில் குறி போடுவோம் என்பது கணக்கு. ஒரு மாதம் போனது. இன்னொரு மாதமும் பாதி போனது. அவள் கத்தவில்லை.

"வீட்டுல கொஞ்சம் எறக்கி விடுதியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க டீச்சர்? நாள் பூரா என்னைப் பாக்காமக் கெடக்குதா. சோறு பொங்கும்போதும் இடுப்புலதான். ஞாயித்துக்கிழமை எறக்கவே மாட்டேன். எறக்கினாலும் உடனே ரெண்டு கையையும் தூக்குதா. எப்படி விட?"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் கூடத்தில் கால் முளைத்த பிள்ளைக்கு வீட்டில் இடுப்பு முளைத்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை குட்டி வந்தபோது தொடை மடிப்பிலெல்லாம் கரிசல் மண் அப்பி, காய்ந்து, வெடித்திருந்தது.

"என்னம்மா இது?"

"மாமா செஞ்ச வேலை. தோட்டத்துல குழி வெட்டி, இடுப்பளவு மண்ணைப் போட்டு இவளை நிக்க வச்சுட்டாவ. அப்படி நிறுத்தினா காலுக்கு பெலம் வருமாம். அவிய ஆடு மேய்க்கவிய. 'ஆட்டுக்குட்டி பொறந்து விழுந்த அன்னைக்கே எந்திச்சு நடக்கு, இதுக்குப் பதினஞ்சு மாசம் பத்தலையா'ங்காவ."

ஆயா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் தாயின் குரல் மாறிவிட்டது.

"டீச்சர், மறைக்காமச் சொல்லுங்க. இவ கால்ல எதுவும் கோளாறா? இவ வயசுப் பிள்ளையெல்லாம் தெருவுல ஓடுது. எனக்குத் தூக்கமே வரலை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவவா?"

நாங்கள் அவள் ஆசையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் தூக்கத்தைத் திருடியிருக்கிறோம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் பசைச் சட்டி கவிழ வேண்டிய தலை என்னுடையது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவள் இரண்டாம் முறையும் இன்னொருத்தி வாயால் கேட்டு நிற்பாளே.

"கால்ல ஒரு குறையும் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள நடப்பா, பாரு" என்றேன், குறி சொல்கிறவள் மாதிரி. "அதுவரைக்கும் குழி வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை குட்டியைக் கூடத்தின் அந்தக் கோடியில் நிறுத்திவைத்தோம். மருந்து வாசம் வந்தது. தாய் வந்தாள். குட்டி சட்டென்று உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கியது. அவள் ஓடிப்போய் அள்ளிவிட்டாள். புதன்கிழமை ஆயா வாசலிலேயே அவளை மறித்து ஊர்க்கதை பேசினாள். குட்டி நடப்பதை மறந்து, ஓணான் வேகத்தில் தவழ்ந்து அவள் காலைப் பிடித்தது. வியாழக்கிழமை துண்டு நுனியைக் கொடுத்தோம். வாங்கி வீசியது.

"இது நம்மளப் பழி வாங்குது டீச்சர்" என்றாள் ஆயா. "வெள்ளிக்கிழமைன்னு வாய்தா குடுத்துட்டு வந்துட்டிய. இனி நீங்கதான் ஆட்டுக்குட்டி மாதிரி நடந்து காட்டணும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பருப்பு கடைந்துகொண்டிருந்த ஆயா மத்தை அப்படியே நிறுத்தினாள். "அவ இடுப்பு காலியா இருக்கதாலதான இவ உக்காருதா? இடுப்ப நெரப்பிருவோம்."

எட்டு மாதக் குண்டன் ஒருவன் எங்களிடம் இருந்தான். அவன் அம்மா எப்போதும் பிந்தித்தான் வருவாள். ஐந்தரைக்குக் குட்டியின் தாய் படியேறியதும் ஆயா பாய்ந்து போய் அந்தக் குண்டனை அவள் இடுப்பில் ஏற்றினாள். "ஏட்டி, இவனை ஒரு நிமிஷம் பிடி, அடுப்புல பால் பொங்குது!"

அடுப்பில் பாலும் இல்லை, தீயும் இல்லை.

குண்டனுக்கு யார் இடுப்பாக இருந்தால் என்ன. சாய்ந்துகொண்டு, சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். கூடத்தின் அந்தக் கோடியில் குட்டி தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன. பிறகு மெல்ல இறங்கின. புருவம் சுருங்கியது. பதினைந்து மாத முகத்தில் அவ்வளவு பெரிய நியாயத்தை நான் கண்டதில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, எழுந்து நின்றது. நடந்தது. பொரி டப்பாவைக் கடந்து, கிலுகிலுப்பையை மிதித்து, துண்டு இல்லாமல், துணை இல்லாமல், கூடம் முழுக்க நடந்து வந்து குண்டன் காலில் பளீரென்று ஒரு அடி கொடுத்தது.

குண்டன் வீரிட்டான். தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நடந்துட்டா டீச்சர்! எங்கிட்ட நடந்து வந்துட்டா! பாத்தியளா?"

"பாத்தேன்" என்றேன். ஒன்றரை மாதத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை.

ஆயா சமையல்கட்டிலிருந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "என்னத்தட்டி? நடந்துட்டாளா? அய்யோ, நான் பாக்கலையே!" கொஞ்சம் கூடிப்போன நடிப்பு.

தாய் அழுதாள், சிரித்தாள், மடியில் இரண்டு பிள்ளைகளையும் போட்டுக்கொண்டு ஆடினாள். பிறகு மகளின் பாதத்தை முத்தமிடத் தூக்கினாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். குண்டனைத் தயார் செய்யும் அவசரத்தில் ஆயா அன்று கால் கழுவ மறந்திருந்தாள். உள்ளங்கால் முழுக்கப் புழுதி. குதிகால் லேசாகக் காய்த்திருந்தது. தாய் அங்கே கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள். இன்னொரு முறை தடவினாள்.

ஆயாவைப் பார்த்தாள். ஆயாவுக்கு மறுபடி பால் ஞாபகம் வந்துவிட்டது, உள்ளே போய்விட்டாள். என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தில் இருந்த பல்லியைப் பார்த்தேன். சுவரில் அட்டையைப் பார்த்தாள். அதில் அன்று விரல் வைக்கவில்லை.

குண்டனை என்னிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல மகளை இடுப்புக்குத் தூக்கினாள். பாதியில் மனசு மாறி இறக்கிவிட்டாள். விரலை நீட்டினாள். குட்டி அதை வாங்கவில்லை. தான் முன்னால், தாய் பின்னால் என்று இருவரும் கேட்டைத் தாண்டினார்கள்.

தெருவில் இறங்கியதும் அவள் திரும்பினாள்.

"டீச்சர், அந்தக் கட்டத்துல இன்னைக்குத் தேதியே போட்ருங்க, என்ன?"