பிள்ளை மடுவத்தில் தெள்ளு வேட்டை

அப்போது நாங்கள் இலங்கையில் திம்புள்ளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் மூத்த மகளுக்கு ஒன்றரை வயது. காலையில் அவளை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்திருக்கும் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவேன். எங்கள் நாயும் அவள் பின்னாலேயே போய் மடுவத்து வாசலில் சாக்கில் படுத்துக்கொள்ளும். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஒருநாள் பால் கொடுக்கப் போனபோது, அக்கா பிள்ளையின் துணியை விரித்துக் காட்டினார். வெள்ளரி விதை போல வெள்ளையாக நாலைந்து. அதில் ஒன்று நெளிந்தது.

"சோத்துப் பருக்கைக்கா," என்றேன்.

"பருக்கை நடக்குமா? புள்ளைக்கு வயித்துல பூச்சி. வா, டாக்டர் ஐயாகிட்ட போவோம்."

நாலு பேர் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். சண்டைக்கே போனேன். அக்கா மறுநாள் இரண்டு தீப்பெட்டிகளைத் திறந்து காட்டினார்.

"இது உன் புள்ளையோடது. இது உங்க நாய் படுத்த சாக்குல கெடந்துச்சு."

இரண்டும் காய்ந்து மஞ்சள் அரிசி மாதிரி இருந்தன. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயா சரியாகப் பார்க்காமலே, "கீரிப்பூச்சிதான்," என்று மருந்துப் போத்தலை எடுத்தார்.

அக்கா தீப்பெட்டிகளை மேசையில் வைத்தார். "கோவிச்சுக்காதீங்கய்யா. கீரிப்பூச்சி நூலு மாதிரி இருக்குமுங்க. இது வேற. நாய்க்கும் இதேதாங்க இருக்கு."

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். பிறகு அக்காவை உட்காரச் சொன்னார். அந்த அறையில் எங்கள் ஆட்களை யாரும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

"நாடாப்புழு. நாய் மேல ஊர்ற தெள்ளுப்பூச்சிக்குள்ள இதோட குஞ்சு இருக்கும். வெளையாடுற புள்ள தெள்ள முழுங்கிட்டா வயித்துல வளந்துரும்," என்றவர், பிள்ளைக்கு வேறு மருந்து கொடுத்தார். நாய்க்கென்று, பூச்சி விழப் பாக்குத் தூளும் அளந்து கொடுத்தார்.

மருந்தில் பிள்ளை தேறிவிட்டாள். ஆனால் என் வீட்டுக்காரர் நாயை அடித்துக் கொல்லக் கம்பெடுத்தார். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"நம்ம லயத்து வீடுங்கள்ல இன்னும் எட்டு நாய் இருக்கு தம்பி. எல்லாத்தையும் கொல்லுவீங்களா? தெள்ளக் கொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை, தமக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில், குளிரில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று ஒன்பது நாய்களையும் கார்பாலிக் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டினார். சீப்பால் வாரி, அதில் சிக்கிய தெள்ளுகளைச் சுடுதண்ணீரில் உதறினார். சாக்குகளை அவித்தோம். கம்பெடுத்த என் வீட்டுக்காரரே நாய்களைப் பிடித்துக் கொடுத்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அக்கா விடவில்லை. வேறு எந்தப் பிள்ளையின் துணியிலும் அந்த விதை தென்படவில்லை.

முதல் ஞாயிறே, எங்கள் நாயைப் பிடித்தபடி, "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்க்கா," என்றேன்.

அக்கா நிமிரவே இல்லை. "கழுத்த இறுக்கிப் புடி தங்கச்சி," என்றார். "தெள்ளு தப்பிச்சுப் போகுது."