மூன்று ஷிஃப்ட் தொப்பை

1. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியின் கிரேன் ஓட்டுநர் மருத்துவ அறையில் என் முன்னால் உட்கார்ந்து வாட்சைக் கழற்றினார்.
2. பிறகு பெல்ட், சாவிக்கொத்து, செருப்பு.
3. ஒரு கையால் தொப்பையைத் தாங்கிக்கொண்டு மறுகையை நீட்டினார்.
4. பிரஷர் நூற்றெழுபது.

எடை குறைந்தால் பிரஷர் குறையும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நூற்றைம்பதைத் தாண்டினால் கிரேன் ஏற விடமாட்டார்கள்.

மருத்துவ அறை டெக்னீஷியனான நான் விளக்கினேன். "கொழுப்பு சும்மா இருக்காதுண்ணா. அது சுரக்கிற ஹார்மோனால கிட்னி உப்பைப் பிடிச்சு வச்சுக்கும். பிரஷர் ஏறும்."

"தொப்பையும் டூட்டி பாக்குதா?"

"மூணு ஷிஃப்டும்."

"அப்ப அத்த எறக்கும்மா. என்னை இன்னாத்துக்கு எறக்குற?"

அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. 'தகுதியில்லை' என்று எழுதினேன்.

இப்போது கிரேனில் வேறு ஆள். பழைய ஓட்டுநரும் அவர் தொப்பையும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார்கள்.